எத்தியோப்பியாவை வைத்து ஒரு புரட்சியைப் படிப்பது எப்படி

அரசன் போனான், செங்கொடி வந்தது, சர்வாதிகாரி உட்கார்ந்தான். இந்த மூன்று வரியையே இழுத்து நீட்டி மூன்று பக்கம் நிரப்பிய விடைத்தாள்களை நிறையத் திருத்தியிருக்கிறேன். மேல்நிலைப் பள்ளியில் வரலாறு எடுத்து ஓய்வு பெற்ற பிறகு, கும்பகோணத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் உலக வரலாறு சொல்லித் தருகிறேன். இந்தப் பாடத்தை ருஷ்யாவிலிருந்து தொடங்குவதை விட்டுவிட்டேன். ருஷ்யாவின் முடிவு எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். ஜார், லெனின், ஸ்டாலின் என்று பெயரைச் சொல்லிக்கொண்டே வேகமாக இறங்கிவிடுகிறார்கள், நடுவில் என்ன நடந்தது என்று யாரும் நிற்பதில்லை.

எத்தியோப்பியாவை எடுத்தால் நிற்க வேண்டியிருக்கிறது. பேரரசர் ஹைலே செலாசி, டெர்க் என்ற ராணுவக் குழு, கடைசியில் மெங்கிஸ்து ஹைலே மரியம். 1974இல் தொடங்கி 1991இல் முடிந்துவிடுகிற கதை. தேதிகள் தெளிவாகக் கிடைக்கின்றன. பிற்பாடு நீதிமன்ற விசாரணையே நடந்திருப்பதால் ஆவணமும் இருக்கிறது. ஒரு முடியாட்சி கம்யூனிசப் புரட்சி வழியாகச் சர்வாதிகாரத்துக்குப் போகிற பாதையை யாராவது தனியாக உட்கார்ந்து படிக்க விரும்பினால், நான் வகுப்பில் செய்கிற முறையை இங்கே தருகிறேன்.

தொடங்கும் முன்

இரண்டு சிக்கல்களை முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். எத்தியோப்பிய நாட்காட்டி நமது ஆங்கில நாட்காட்டிக்கு ஏழெட்டு ஆண்டு பின்னால் ஓடுகிறது. அந்நாட்டுக்காரர்கள் எழுதியதில் ‘1966 புரட்சி’ என்று பார்த்தால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம், அது நம் 1974தான். அவர்களுடைய புத்தாண்டு செப்டம்பர் 11ஆம் தேதி வாக்கில் வரும். இது பின்னால் பயன்படும்.

அடுத்தது பெயர். அங்கே குடும்பப் பெயர் கிடையாது, இரண்டாவதாக வருவது அப்பா பெயர். இனிஷியல் போட்டுப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே ‘மரியம்’ என்று எழுதாதீர்கள், ‘மெங்கிஸ்து’ என்று எழுதுங்கள். ஹைலே செலாசி என்பது முடிசூட்டிக்கொண்டபோது வைத்துக்கொண்ட பெயர். பிறந்தபோது வைத்த பெயர் தஃபாரி.

மூன்று கோடு போடுங்கள்

நீளவாட்டத்தில் ஒரு தாளை வையுங்கள். இடது ஓரத்தில் 1960, வலது ஓரத்தில் 1991. நடுவில் மூன்று கோடு. முடி விழுந்த நாள்: 1974 செப்டம்பர் 12. சோஷலிசம் அரசுக் கொள்கையாக அறிவிக்கப்பட்டது: 1974 டிசம்பர். ஒரே ஆள் மிஞ்சியது: 1977.

மாணவர்கள் கோட்டின் மேலேயே எழுதுவார்கள். நான் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே எழுதச் சொல்வேன். ஒவ்வொரு இடைவெளியிலும் கேட்க வேண்டியவை இவை: துப்பாக்கி யார் கையில் இருக்கிறது, தானியம் யார் கையில் இருக்கிறது, மேலே இருப்பவனிடம் ‘முடியாது’ என்று சொல்ல எந்த இடம் பாக்கி இருக்கிறது. கடைசிக் கேள்விதான் உயிர். சர்வாதிகாரம் அந்த இடங்கள் ஒவ்வொன்றாக அடைபடுகிற கதை, கொள்கையின் கதை அதற்கு அப்புறம்தான்.

முதல் கோட்டுக்கு முன்னால் அதிக நேரம் செலவிடுங்கள்

எல்லோரும் அவசரமாகத் தாண்டுவது இந்தப் பகுதியைத்தான். ஹைலே செலாசி 1930இல் முடிசூடியவர். 1931இல் நாட்டுக்கு முதல் அரசியலமைப்பைக் கொடுத்தவரும் அவரே. இத்தாலி படையெடுத்தபோது நாட்டை விட்டுப் போய், 1941இல் திரும்பி வந்தார். 1963இல் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு தலைநகர் அடிஸ் அபாபாவில் தொடங்கியபோது கண்டத்துக்கே பெரியவர் என்ற மரியாதை அவருக்கு. வெளியே இவ்வளவு. உள்ளே 1955ஆம் ஆண்டுத் திருத்திய அரசியலமைப்பு, அரசர் சாலமன் வழி வந்தவர், அவர் மேனி புனிதமானது என்று எழுதி வைத்திருந்தது. நாடாளுமன்றம் இருந்தது, தேர்தல் நடந்தது, ஆனால் அரசியல் கட்சி என்று ஒன்றுகூடக் கிடையாது.

இந்தக் கடைசி வரியை அடிக்கோடிடுங்கள். கட்சி இல்லை, சுதந்திரமான பத்திரிகை இல்லை. தொழிற்சங்கமும் ஆசிரியர் சங்கமும் இருந்தாலும் ஆட்சியை ஏற்று நடத்தும் அளவுக்கு வளரவில்லை. மூலை முடுக்கெல்லாம் ஆள் வைத்து, வயர்லெஸ் வைத்து, கட்டளைக்குக் கீழ்ப்படியப் பழகிய மதச்சார்பற்ற அமைப்பு ராணுவம் ஒன்றே. நாளைக்கு அரசர் இல்லையென்றால் நாற்காலியில் யார் உட்கார முடியும் என்பதை அரசரே முடிவு செய்து வைத்துவிட்டார். 1960இல் அவர் பிரேசிலில் இருந்தபோது மெய்க்காவல் படை ஆட்சியைப் பிடிக்கப் பார்த்தது. முறியடித்தார். அப்போதும் கதவைத் திறக்கவில்லை.

ராணுவத்தில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. ஹராரில் இருந்த ராணுவ அகாடமியை 1950களின் கடைசியில் தொடங்கி நடத்தியவர்கள் இந்திய ராணுவ அதிகாரிகள். மெங்கிஸ்து அங்கே படித்தவர் இல்லை, ஹோலெட்டா என்ற இன்னொரு ராணுவப் பள்ளியில் பயிற்சி எடுத்தவர். ஹரார்க்காரர்களுக்கும் ஹோலெட்டாக்காரர்களுக்கும் இடையே இருந்த ஏற்ற இறக்கம் பின்னால் டெர்க்குக்குள்ளும் தலைகாட்டியது.

நிலத்தைப் பாருங்கள். தெற்கு மாகாணங்களில் குத்தகைக்கு உழுதவர்கள் விளைச்சலில் பாதி வரை, சில இடங்களில் அதற்கும் மேலே, நிலக்காரருக்கு அளந்தார்கள். 1965இல் பல்கலைக்கழக மாணவர்கள் தெருவில் இறங்கியபோது எழுப்பிய முழக்கம் ‘உழுபவனுக்கே நிலம்’. தஞ்சை மாவட்டத்தில் வளர்ந்த எனக்கு அதைப் புதிதாகக் கேட்பது போலவே இல்லை. அடுத்து 1972–73இல் வோல்லோ மாகாணத்தில் பஞ்சம். ஆயிரக்கணக்கில் செத்தார்கள், அரசு மூடி மறைத்தது. பிரிட்டிஷ் தொலைக்காட்சி ஒன்று 1973 அக்டோபரில் காட்டிய பிறகே உலகத்துக்குத் தெரிந்தது.

இதற்கெல்லாம் பிறகும் ஆட்சியைக் கவிழ்த்தது விவசாயியோ மாணவனோ இல்லை, ஒரு தண்ணீர் பம்பு. 1974 ஜனவரியில் தெற்கே நெகெல்லே என்ற ஊரில் இருந்த ராணுவ முகாமில் சிப்பாய்களின் பம்பு பழுதாகிவிட்டது. அதிகாரிகள் தங்கள் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடவில்லை. சிப்பாய்கள் அதிகாரிகளைப் பிடித்து வைத்தார்கள். விசாரிக்க அரசர் ஒரு ஜெனரலை அனுப்பினார். அவரையும் பிடித்து வைத்து, தாங்கள் சாப்பிடுகிற சாப்பாட்டையே சாப்பிட வைத்தார்கள். தண்டனை கிடைக்கவில்லை, குறைகளைத் தீர்ப்பதாக வாக்குறுதிதான் கிடைத்தது. வயர்லெஸ் வழியாக மற்ற முகாம்களுக்குச் செய்தி போனது. பிப்ரவரியில் பெட்ரோல் விலை உயர்வை எதிர்த்து டாக்ஸி ஓட்டுநர்கள், கல்வித் திட்டத்தை எதிர்த்து ஆசிரியர்கள், சம்பளம் கேட்டு விமானப்படையினர் என்று வரிசையாகக் கிளம்பினார்கள். பிரதமர் அக்லிலு பதவி விலகினார்.

இங்கே ஒரு மாணவர் வழக்கமாகக் கேட்பார்: “மிஸ், இதுல கம்யூனிஸ்ட் எங்க வர்றாங்க?” வரவில்லை. அதை அப்படியே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மார்க்சியம் படித்த மாணவர்கள் இருந்தார்கள், வெளிநாட்டில் குழுக்கள் இருந்தன. ஆனால் முடியை விழவைத்த கைகளில் சிவப்புப் புத்தகம் இல்லை.

முடி விழுகிற விதம்

ஜூன் மாதம் ஒவ்வொரு படைப்பிரிவும் ஆள் அனுப்பி, சுமார் 120 பேர் கொண்ட குழு ஒன்று அடிஸ் அபாபாவில் கூடியது. மேஜருக்கு மேற்பட்ட பதவிக்காரர் யாரும் இல்லை. இதுதான் டெர்க். ஹராரில் இருந்த மூன்றாவது டிவிஷன் அனுப்பியவர்தான் மேஜர் மெங்கிஸ்து. ‘ரத்தம் சிந்தாமல், எத்தியோப்பியா முதலில்’ என்பது அவர்கள் முழக்கம்.

அரசரை அவர்கள் உடனே தொடவில்லை. வானொலியில் பெயர் வாசிப்பார்கள். அமைச்சர், ஜெனரல், பிரபு என்று பட்டியல் வரும், பலரும் தாங்களே வந்து சரணடைந்தார்கள். எல்லாம் அரசர் பெயரிலேயே நடந்தது. புத்தாண்டு இரவு, அதாவது செப்டம்பர் 11 அன்று, அந்த பிரிட்டிஷ் பஞ்சப் படத்தை அரண்மனை விருந்துக் காட்சிகளோடு கலந்து வெட்டித் தொலைக்காட்சியில் போட்டார்கள். மறுநாள் காலை அதிகாரிகள் போய் அறிவிப்பை வாசித்தார்கள். ரோல்ஸ் ராய்ஸில் போய்ப் பழகிய 82 வயது மனிதரை ஒரு சின்ன ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் பின்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப் போனார்கள். எதிர்த்து ஒரு தோட்டாகூட வெடிக்கவில்லை.

அன்றைக்கே நாடு குடியரசாகிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். ஜெனிவாவில் சிகிச்சையில் இருந்த பட்டத்து இளவரசரைப் பெயரளவில் அரசராக அறிவித்தார்கள். முடியாட்சியை முறைப்படி ஒழித்தது 1975 மார்ச்சில்தான். அரசர் அந்த ஆகஸ்டில் இறந்தார். நோயால் என்றது அரசு, கொல்லப்பட்டார் என்பது பிற்கால விசாரணையில் வந்தது. எலும்புகள் 1992இல் அரண்மனை வளாகத்தில் கான்கிரீட் தளத்துக்கு அடியில் கிடைத்தன.

சிவப்புக் கோடு எங்கே

சர்வாதிகாரம் தொடங்கிய நாளைச் சிவப்பு மையில் குறிக்கச் சொன்னால் பிள்ளைகள் பெரும்பாலும் 1977ஐக் குறிப்பார்கள். நான் 1974 நவம்பர் 23ஐக் குறிக்கிறேன். ஒத்துக்கொள்ளாவிட்டால் காரணம் எழுதுங்கள், மதிப்பெண் உண்டு.

அன்று இரவு நடந்தது இது. டெர்க் முன்னால் நிறுத்தி வைத்திருந்த தலைவர் ஜெனரல் அமான் அந்தோம். எரித்திரியாவில் பிறந்த குடும்பம், படையில் நல்ல பெயர். அப்போது எத்தியோப்பியாவிலிருந்து பிரிந்துபோகப் போராடிய எரித்திரியாவின் பிரச்சினையைப் பேச்சுவார்த்தையில் தீர்க்கலாம் என்றார், கைதிகளை விசாரணை இல்லாமல் கொல்லக் கூடாது என்றார். அவர் வீட்டைச் சுற்றி வளைத்தார்கள், சண்டையில் இறந்தார். அதே இரவில் சிறையில் இருந்த சுமார் 60 பேரைச் சுட்டுப் புதைத்தார்கள். இரண்டு முன்னாள் பிரதமர்கள், அரசரின் பேரனான கடற்படைத் தளபதி, பல ஜெனரல்கள் அதில் அடக்கம். விசாரணை கிடையாது, குழு கூடிப் பெயர்களை முடிவு செய்தது.

குழு கூடி என்பதைக் கவனியுங்கள். மெங்கிஸ்து தனியாகச் செய்யவில்லை. அன்று ஒப்புக்கொண்டவர்களில் எத்தனையோ பேர் அடுத்த மூன்று ஆண்டில் அதே முறையில் செத்தார்கள். அமானுக்குப் பின் தலைவரான தெஃபெரி பெந்தி, 1976 டிசம்பரில் மெங்கிஸ்துவின் அதிகாரத்தைக் குறைக்கும்படி குழுவை மாற்றியமைத்தார். 1977 பிப்ரவரி 3 அன்று அரண்மனைக் கூட்டத்திலிருந்தே அவரையும் கூட்டாளிகளையும் இழுத்துப் போய்ச் சுட்டார்கள். துணைத் தலைவர் அத்னாஃபு அபாத்தே அந்த நவம்பரில். 120 பேர் கை தூக்கிய குழுவில் எதிர்க் கை தூக்க ஆளில்லை.

நல்லதைத் தாண்டிப் போகாதீர்கள்

கம்யூனிச எதிர்ப்பு மனநிலையில் படிக்கிறவர்கள் 1975ஐ விட்டுவிடுவார்கள். விட்டால் கதை புரியாது. அந்த ஜனவரியில் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் அரசுடைமை. மார்ச் 4 அன்று கிராமப்புற நிலம் முழுவதும் பொதுச் சொத்து, ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் 10 ஹெக்டேர், குத்தகை ரத்து. குத்தகைதாரருக்கு அது விடுதலை, சந்தேகமே இல்லை. தலைநகரில் பெருங்கூட்டம் ஆதரவு ஊர்வலம் போனது. டெர்க்குக்கு வெறும் துப்பாக்கியால் கிடைக்காத ஆதரவு இதில் கிடைத்தது.

அதே நேரம் சுமார் 60,000 மாணவர்களையும் ஆசிரியர்களையும் கல்வியும் புரட்சியும் பரப்பக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். நல்ல திட்டம்தான். அரசை விமர்சிக்கத் தெரிந்த இளைஞர் கூட்டம் நகரத்தில் இல்லாமல் போனது என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதப் பழகுங்கள். பிறகு தானியத்தை அரசுக் கொள்முதல் நிறுவனத்துக்கு அது வைத்த குறைந்த விலைக்கே போட வேண்டும் என்று வந்தபோது, விவசாயிக்கு நிலக்காரன் மாறினான், அளக்கிற வேலை மாறவில்லை.

கெபெலே

இடைவெளியில் கேட்கச் சொன்ன மூன்று கேள்விகளுக்கும் ஒரே இடத்தில் விடை கிடைப்பது இங்கே. 1975 ஜூலையில் நகர நிலத்தையும் ஒரு குடும்பம் குடியிருப்பது போக மிச்ச வீடுகளையும் அரசுடைமையாக்கி, வாடகை வாங்க வட்டாரச் சங்கங்கள் அமைத்தார்கள். அதுதான் கெபெலே. அடிஸ் அபாபாவில் ஏறத்தாழ 300. முதலில் வாடகை, சில்லறை வழக்கு, எழுத்தறிவு வகுப்பு. பிறகு ரேஷன். பிறகு துப்பாக்கியும் சிறையும். நம்மூர் ரேஷன் கடையும் வார்டு ஆபீசும் போலீஸ் ஸ்டேஷனும் ஒரே அறையில், ஒரே ஆள் சாவியில் இருந்தால் எப்படியோ அப்படி.

எதிரில் யார் என்று பாருங்கள். அவர்களும் மார்க்சியர்களே! எத்தியோப்பிய மக்கள் புரட்சிக் கட்சி, உடனே மக்களாட்சி வேண்டும், ராணுவம் முகாமுக்குத் திரும்பட்டும் என்றது. மெய்சோன் என்ற இன்னொரு கட்சி, இப்போதைக்கு ராணுவத்தோடு நிற்போம் என்றது. முதல் கட்சி 1976 இலையுதிர் காலத்திலிருந்து ஆட்களைச் சுட்டுக் கொல்ல ஆரம்பித்தது, அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். 1977 ஏப்ரலில் மெங்கிஸ்து, தலைநகரின் சதுக்கத்தில் கூட்டத்தின் முன்னால் சிவப்புத் திரவம் நிரப்பிய பாட்டில்களைத் தரையில் அடித்து உடைத்தார். சிவப்புப் பயங்கரம் என்று அவர்களே பெயர் வைத்தார்கள். கெபெலே காவலர்கள் வீடு வீடாகத் தேடியது ஆயுதத்தை மட்டுமல்ல, தட்டச்சு இயந்திரத்தையும் நகலெடுக்கும் இயந்திரத்தையும்கூட. மே தினத்துக்கு முந்தைய நாட்களில் பள்ளிப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் சுடப்பட்டார்கள். பிள்ளையின் உடலை வாங்க வந்த பெற்றோரிடம் தோட்டாவுக்குக் காசு வாங்கிய செய்திகள் பதிவாகியிருக்கின்றன. ஆகஸ்டில் மெய்சோனும் தலைமறைவானது, அவர்களும் வேட்டையாடப்பட்டார்கள்.

செத்தவர் எண்ணிக்கை எழுதும்போது ஒற்றை எண் போடாதீர்கள். பல பத்தாயிரம் என்பதிலிருந்து ஐந்து லட்சம் வரை மதிப்பீடுகள் இருக்கின்றன. வரம்பாக எழுதுகிற மாணவரை நான் நம்புவேன்.

போரும் கட்சியும்

இதைச் சுருக்கமாகவே முடிக்கலாம். 1977 ஜூலையில் பக்கத்து நாடான சோமாலியா, எத்தியோப்பியாவின் கிழக்கே உள்ள ஒகாடனுக்குள் நுழைந்தது. அதுவரை அமெரிக்க ஆயுதத்தில் ஓடிய ராணுவத்துக்கு சோவியத் ஆயுதமும் கியூபப் படையும் வந்தன, 1978 மார்ச்சில் சோமாலியா பின்வாங்கியது. போர் நடக்கும்போது எதிர்த்துப் பேசுகிறவன் துரோகி என்று சொல்வது சுலபம். கட்சி கடைசியில் வந்தது: எத்தியோப்பியத் தொழிலாளர் கட்சியை 1984 செப்டம்பர் 12 அன்று, பத்தாம் ஆண்டு விழாவோடு தொடங்கினார்கள், வடக்கே மறுபடியும் பஞ்சத்தில் மக்கள் விழுந்துகொண்டிருந்தபோது. 1973இல் அரசர் மறைத்ததைக் காட்டி ஆட்சிக்கு வந்தவர்கள்! 1987 அரசியலமைப்பில் மெங்கிஸ்து ஜனாதிபதி. 1991 மே 21 அன்று ஜிம்பாப்வேக்கு ஓடிப் போனார். ஒரு வாரத்தில் கிளர்ச்சிப் படைகள் தலைநகருக்குள் வந்தன. 2006இல் இனப்படுகொலைக் குற்றம் நிரூபணமானது, ஆள் இல்லாமலேயே.

சரிபார்க்க நேபாளம்

தாள் நிரம்பியதும், செங்கொடி வந்தால் இப்படித்தான் முடியும் என்று எழுதத் தோன்றும். அப்போது இன்னொரு தாளில் நேபாளத்தைப் போட்டுப் பாருங்கள். அங்கேயும் மன்னர், அங்கேயும் மாவோயிஸ்டுகள், 1996 முதல் 2006 வரை ஆயுதப் போர். 2008 ஏப்ரல் தேர்தலில் மாவோயிஸ்டுகள் பெரிய கட்சி, ஆனால் பெரும்பான்மை இல்லை. மே 28 அன்று அரசியல் நிர்ணய சபை 560க்கு 4 என்ற வாக்கில் முடியாட்சியை ஒழித்தது. மன்னர் ஞானேந்திரா அரண்மனையை விட்டு வெளியேறி, அதே நாட்டில் குடிமகனாக இருந்தார். 2009இல் பிரதமர் பிரசண்டா ராணுவத் தளபதியை நீக்கினார், ஜனாதிபதி அதைச் செல்லாது என்றார், பிரசண்டா பதவி விலகினார். ராணுவம் அவர் கையில் இல்லை. நேபாளி காங்கிரஸ் கட்சி 1940களிலிருந்து இருந்தது, வேறு கம்யூனிஸ்ட் கட்சிகளும் இருந்தன, ‘முடியாது’ என்று சொல்ல இடம் இருந்தது.

இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து, எந்த வரியில் பிரிகிறது என்று விரலால் தடவிக்கொண்டே வாருங்கள். என் தாளில் 1960க்கும் 1974க்கும் நடுவிலேயே பிரிந்துவிடுகிறது.

இப்போது ருஷ்யாவை எடுக்கலாம். 1917 மார்ச்சில் ஜார் போகிறார், நவம்பரில் போல்ஷெவிக்குகள் வருகிறார்கள், டிசம்பரில் செக்கா என்ற ரகசியப் போலீஸ், 1918 ஜனவரியில் ஒரே அமர்வோடு கலைக்கப்பட்ட அரசியல் நிர்ணய சபை, 1921 மார்ச்சில் கட்சிக்குள் கோஷ்டிகளுக்குத் தடை, 1922 ஏப்ரலில் ஸ்டாலின் பொதுச் செயலாளர். பழைய நாட்காட்டி 13 நாள் பின்னால் ஓடுவதை மறக்காமல், சிவப்பு மையை எங்கே வைப்பீர்கள் என்று எழுதிக் கொண்டுவாருங்கள்.